தோப்பறையில் யார் பெயர்?

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் ஊர் மாலைப் பாடசாலைப் பிள்ளைகள் பதினான்கு பேரை மதுரைக்குக் கூட்டிப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிறவர்கள். மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்க வேண்டும், எதிரே இருக்கும் புதுமண்டபத்தைப் பார்க்க வேண்டும், அந்த மண்டபத்திலிருந்த கடைகள் இப்போது இயங்கும் குன்னத்தூர் சத்திரத்தைச் சுற்ற வேண்டும். பிறகு ஆளுக்கொரு டீ, ஒரு பருப்பு வடை. மூன்று மணி பஸ்ஸுக்கு ஊர் திரும்ப வேண்டும். இதுதான் திட்டம்.

கடைகளைப் பார்த்து முடிக்கிற நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, இங்க இருக்குறதுல நம்ம ஆளுக செஞ்சது எது?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியோடு ஒரு மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கல்லும் கடையும்

கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே, கீழச் சித்திரை வீதியைத் தாண்டினால் புதுமண்டபம். திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) வசந்த விழாவுக்காகக் கட்டியது. அதனால் வசந்த மண்டபம் என்றும் பெயர். 330 அடிக்கு மேல் நீளம். நான்கு வரிசையாக 124 தூண்கள். வைகாசி வெயிலில் சாமிக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சுற்றிலும் தண்ணீர் தேக்க இடம் விட்டிருக்கிறார்கள். தூண்களில் யாளி, குதிரை வீரர்கள், மீனாட்சி கல்யாணம், வரிசையாக நாயக்க மன்னர்கள்.

விழாவுக்குக் கட்டிய மண்டபம் காலப்போக்கில் கடைவீதியாகிவிட்டது. நான் மதுரையில் எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில் அங்கே வெயில் நுழையாது. தூணுக்குத் தூண் தையல் மெஷின். சிலையின் கையில் ஜாக்கெட் தொங்கும், யாளியின் வாயில் நாடாக் கட்டு இருக்கும். வளையல், குங்குமம், பித்தளைப் பாத்திரம், சாமிக்குச் சாத்தும் துணி, பழைய பாடப்புத்தகம் என எல்லாம் கிடைக்கும். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களின் அட்டையில் ‘மதுரை, புதுமண்டபம்’ என்று அச்சிட்டிருப்பதை நூலகத்தில் பார்த்துவிட்டு, அந்தக் கடைகளைத் தேடிக்கொண்டு போனவள் நான். பாடத்துக்கு வேண்டிய நூல்கள் பலவற்றைப் பாதி விலைக்கு அங்கேதான் வாங்கினேன்.

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, கோயிலின் கிழக்குக் கோபுர வாசலை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. பழங்காலக் கட்டடங்களுக்குள் கடை வைத்திருப்பது ஆபத்து என்ற பேச்சு அதன்பிறகு வலுத்தது. புதுமண்டபத்துக் கடைகளும் காலி செய்யப்பட்டன. ஏறத்தாழ 300 கடைகள். பக்கத்திலேயே பழைய குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் மாநகராட்சி கட்டிய புதிய வளாகத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். கல் தப்பித்தது நல்லதுதான். தலைமுறையாகத் தூணடியில் உட்கார்ந்து தைத்தவர்களுக்கு அந்தக் கூட்டமும் வியாபாரமும் அப்படியே கூட வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிழக்கு வாசலில் இருவர்

பிள்ளைகளை முதலில் கிழக்குக் கோபுரத்தடியில் நிறுத்தினேன். அங்கே மதுரை வீரன் சன்னதி இருக்கிறது. அதற்கு எதிர்த்திசையில் புதுமண்டபம். உள்ளே கல்லில் திருமலை நாயக்கர்.

வீரனின் கதையைப் பிள்ளைகளே சொன்னார்கள். எங்கள் தெருவில் அது பாட்டிமார் சொல்லும் கதை. காட்டில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தவர்கள் சக்கிலியர் குடும்பத்துச் சின்னானும் செல்லியும். வளர்ந்தவன் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனான், மதுரைக்கு வந்து கள்வர்களை அடக்கினான், கடைசியில் நாயக்கர் ஆணையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தான் என்பது கதைப்பாடல் சொல்லும் செய்தி. வரலாறு எது, கதை எது என்று பிரிப்பது ஆய்வாளர் வேலை. நான் பிள்ளைகளுக்குக் காட்டியது இடத்தைத்தான். ஆணையிட்டதாகக் கதை சொல்லும் மன்னன் ஒரு பக்கம், வெட்டுப்பட்டவன் சாமியாக மறுபக்கம், நடுவே ஒரு தெரு.

இன்னொரு தேதியையும் அங்கே வைத்துச் சொன்னேன். 1939 ஜூலை 8. அன்றுதான் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கனும் தோழர்களும் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதுவரை நம் ஆட்கள் கோயிலுக்கு வெளியே. கக்கன் மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக்காரர். பின்னால் தமிழ்நாட்டின் உள்துறை அமைச்சராகவே ஆனார். “அப்போ நம்ம தாத்தாவோட அப்பா காலத்துல உள்ளயே போயிருக்க முடியாதாக்கா?” என்று ஒரு பையன் கேட்டான். முடியாது. அவ்வளவு பக்கத்தில் இருக்கிற காலம் அது.

துணிக்கடையில் தொங்கிய தோல்

குன்னத்தூர் சத்திரத்தில் சித்திரைத் திருவிழா வியாபாரம் தொடங்கியிருந்தது. கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது வேடம் கட்டுகிறவர்களுக்குச் சல்லடம், உருமால், தலைப்பாகை, சாட்டை. எல்லாம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, ஜரிகை மினுங்கத் தொங்கின. தைப்பவர்களில் இஸ்லாமியர்களும் உண்டு. அழகருக்கு வேடம் கட்டும் துணியை ஒரு பாய் தைத்துக் கொடுப்பது மதுரைக்குப் புதிதல்ல. ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் அது. பெருமைப்பட வேண்டியதும்தான்.

ஒரு கடையில், துணிகளுக்குப் பின்னால், மங்கிய பழுப்பு நிறத்தில் ஏதோ தொங்கியது. “அது என்னக்கா, ஆடு மாதிரி?” என்றான் ஒருவன். ஆடேதான். தோப்பறை. முழு ஆட்டுத் தோலில் செய்த பை. இதில் தண்ணீர் நிரப்பித் தோளில் போட்டுக்கொண்டு, அழுத்தி அழுத்தி அழகர் மேல் பீய்ச்சுவார்கள். உயர் அழுத்த மோட்டார் வைத்துப் பீய்ச்சக் கூடாது, மரபான தோல்பையில்தான் பீய்ச்ச வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024-ல் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அதாவது, தோப்பறை இல்லாமல் அந்தச் சடங்கே இல்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். “பாய், இது நீங்க செய்யிறதா?”

“இல்லம்மா. நமக்குத் துணி வேலை மட்டுந்தான். தோல் வேலை வேற ஆளுக. ஊர்ல இருந்து கொண்டாந்து போடுவாங்க.”

“எந்த ஊரு? யாரு?”

அவர் ஊரைச் சொன்னார். ஆளின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. “பெரியவர் ஒருத்தர். வருசா வருசம் வர்றவருதான். பேரு கேட்டதில்லையேம்மா” என்றார். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. நல்ல மனுஷர். ஆனால் பல வருஷப் பழக்கத்தில் பெயர் கேட்கத் தோன்றாத ஓர் ஆள் இருந்திருக்கிறார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டது இதற்குப் பிறகுதான்.

தேடிப் போன வீடு

மேலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஊர். ஊரைத் தாண்டி, கண்மாய்க் கரைக்குக் கீழே அருந்ததியர் தெரு. பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊரையும் பெயரையும் எழுத வேண்டாம் என்று சொன்னார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தோப்பறை செய்வதை அவர் வாயால் கேட்க வேண்டும். ஆட்டை வயிற்றில் கீறாமல், கழுத்து வழியாகத் தோலை உருவி எடுக்க வேண்டும். சட்டையைக் கழற்றுவது மாதிரி. ஒரு கீறல் விழுந்தாலும் தோல் வீண். பிறகு சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து முடியைச் சுரண்ட வேண்டும். அதன்பின் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இடித்துப் போட்ட தண்ணீரில் நாள்கணக்கில் ஊற வேண்டும். தினமும் புரட்டிப்போட வேண்டும். பதம் வந்ததா என்று பார்க்க அவரிடம் எந்தக் கருவியும் கிடையாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான். “விரல் சொல்லும் தாயி, போதும்னு” என்றார். கடைசியில் கால்களை இறுக்கிக் கட்டி, ஒன்றில் மட்டும் பித்தளைக் குழாயைப் பொருத்தித் தைப்பார். தண்ணீர் நிரப்பி ஓர் இரவு தொங்கவிட்டு, சொட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கடைக்குக் கொண்டுபோவார்.

நம் வேலிகளில் தங்கமாகப் பூக்கிற அதே ஆவாரைதான். தென்னிந்தியத் தோல் பதனிடுதலே ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையை நம்பித்தான் நடந்தது. பிறகு குரோம் உப்பு வந்தது, திண்டுக்கல், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்புகள் பெருகின. வீட்டு முற்றத்துத் தொட்டியில் பதம் பார்த்த கைகளில் பல, அங்கே தினக்கூலியாகப் போய்ச் சேர்ந்தன.

வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அழுகக்கூடிய தோலை அழுகாத பொருளாக்குவது சாதாரண அறிவு அல்ல. பட்டையிலிருக்கும் டானின் தோலின் புரதத்தோடு பிணைகிறது. அதனால்தான் அது அழுகாமல் நிற்கிறது. புத்தகத்தில் இது அறிவியல். எங்கள் தெருவில் இது தீட்டு. இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான்.

விலை என்ன என்று கேட்டேன். கடையில் விற்கிற விலையில் பாதிகூட அவர் கைக்கு வருவதில்லை என்றார். “தோலு வெல ஏறிப்போச்சு. பட்டைய இடிக்க ஆளு இல்ல. சீசனுக்குப் பத்துப் பன்னெண்டு செஞ்சா சாஸ்தி. அழகருக்காகச் செய்யிறேன்” என்றார்.

அழகர் மேல் பீய்ச்சும் தண்ணீர் புனிதம். அதைச் சுமக்கும் பை புனிதம். பையைச் செய்த கை மட்டும் பல காலம் கோயில் வாசலுக்கு வெளியே நின்றது.

கமலை வால்

எனக்கு இது புதிய கதை அல்ல. பம்புசெட் வருவதற்கு முன் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கமலை ஓடியது. மாடு பின்னும் முன்னும் நடக்க, வடக்கயிறு கூனையை மேலே இழுக்கும். கூனையின் அடியில் தோல் வால் ஒன்று இருக்கும். வால் கயிற்றைத் தளர்த்தினால் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்த வாலைத் தைப்பவர் எங்கள் தாத்தா. வால் கிழிந்தால் வயல் காயும். அதனால் நடுச்சாமத்தில்கூட ஆள் வந்து கூப்பிடுவார்களாம்.

கூலி காசாக வராது. அறுவடையில் கமலைக்கு இத்தனை கட்டு என்று களத்தில் போடுவார்கள். தள்ளி நின்று, துண்டை விரித்து வாங்க வேண்டும். ஊரின் நெல் முழுவதும் அவர் தைத்த வாலின் வழியாகப் பாய்ந்த தண்ணீரில் விளைந்தது. களத்துமேட்டில் அவருக்கு உட்கார இடம் கிடையாது. அவருடைய குத்தூசியும் தோல் சீவும் உளியும் இன்னும் எங்கள் வீட்டில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. மரபுப் பொருள் கண்காட்சி ஒன்றில் கமலையை அலங்கரித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். ஏர், வண்டிச் சக்கரம், உரல், கமலை. ‘நம் முன்னோர் பயன்படுத்தியவை’ என்று பலகை. பயன்படுத்தியவர்கள் சரி. தைத்தவர்கள்?

எது கைவினை?

கைவினை என்றதும் நம் மனதில் வருவது வெண்கலச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், சுங்குடிச் சேலை. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கலைஞர்களின் உழைப்புக்கு அது நியாயமான மரியாதை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முறம், கூடை, செருப்பு, பறை, தோப்பறை என்று வரும்போது அதே உழைப்பு ‘குலத்தொழில்’ ஆகிவிடுகிறது. முன்னதைச் செய்தால் கலைஞர், பின்னதைச் செய்தால் சாதி.

மிருதங்கத்தைப் பாருங்கள். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் இல்லாமல் அது பேசாது. கச்சேரி மேடையில் வாசிப்பவர் பெயர் பலகையில் இருக்கும். செய்தவர் பெயர் இருக்காது. தலைமுறையாக மிருதங்கம் செய்த தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ‘செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். அந்த நூலை வெளியிடக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. செய்தவரின் பெயரைச் சொல்வதற்கே இடம் தேட வேண்டியிருந்தது.

மாற்றம் நடக்கவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நம் மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சாவு வீட்டு வாசலோடு நிறுத்தப்பட்ட கருவி குடியரசுத் தலைவர் மாளிகை வரை போயிருக்கிறது. வேம்போ பலாவோ வளைத்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் தோல் ஒட்டும் வேலைக்கும் அந்த மரியாதையில் ஒரு பங்கு இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்திலிருந்து ஓர் உதாரணம். கோலாப்பூர்ச் செருப்பைத் தலைமுறையாகச் செய்பவர்கள் சர்மகார் முதலான தலித் சமூகத்தினர். 2019-ல் அந்தச் செருப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் நான்கு, கர்நாடகத்தில் நான்கு என எட்டு மாவட்டங்களுக்கு அது சொந்தம். 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகர அலங்கார அணிவகுப்பில் அதே மாதிரிச் செருப்பைக் காட்டியது. கோலாப்பூர் பெயரைச் சொல்லவில்லை. இங்கிருந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, இந்தியக் கைவினைச் செருப்பைப் பார்த்து உருவானது என்று ஒப்புக்கொண்டது. பெயர் பதிவாகியிருந்தது அந்த எதிர்ப்புக்குக் கையில் ஒரு பிடி கொடுத்தது.

பேரன் என்ன செய்ய வேண்டும்?

பெரியவரின் பேரன் மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தாத்தா என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘விவசாயக் கூலி’ என்றுதான் சொல்வானாம். அவனே என்னிடம் சொன்னான். பெரியவர் குறுக்கிட்டார்: “அவன் சொல்றதுதான் சரி. இந்த வேலை என்னோட போகட்டும். அவன் கையில தோல் நாத்தம் அடிக்கக் கூடாது.”

மரபு அழிகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் இந்த வார்த்தையைக் கவனிக்க வேண்டும். ஒருவன் விரும்பிக் கற்றால் அது கலை. பிறந்த தெருவைப் பார்த்து அவன் தலையில் கட்டினால் அது சாதி. அம்பேத்கர் 1936-லேயே இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். தொழிலைப் பிறப்போடு கட்டிப்போடுவது பொருளாதாரத்துக்கும் கேடு, மனிதனுக்கும் கேடு என்பது அவர் வாதம்.

அரசுத் திட்டங்களிலும் இந்தச் சண்டைதான். 2023 செப்டம்பர் 17-ல் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கான விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 வயதிலேயே சேரலாம். விண்ணப்பிப்பவரின் குடும்பம் அந்தத் தொழிலைப் பரம்பரையாகச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் கடிதம் எழுதியது. இப்போதைய வடிவில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்றது. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் பிள்ளையைக் குலத்தொழிலுக்கு இழுக்கும் என்பது அதன் அச்சம். அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. 25 தொழில்கள், குறைந்தது 35 வயது, குடும்பத் தொழில் என்ற கட்டாயம் இல்லை. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம்.

18-க்கும் 35-க்கும் நடுவில் இருக்கும் அந்தப் பதினேழு வருஷம்தான் நம் பிள்ளைகளின் கல்லூரியும் வேலையும். அந்த வருஷங்களை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதே சமயம், கையில் தொழில் வைத்திருக்கும் நம் தெருப் பெரியவர்கள் கடனும் மானியமும் வாங்காமல் விடவும் கூடாது. படித்த பிள்ளைகள் ஒரு நாள் ஒதுக்கி, அவர்களை மாவட்டத் தொழில் மையத்துக்குக் கூட்டிப் போய், என்னென்ன திட்டம் இருக்கிறது என்று கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். தாட்கோ அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

போகிறவர்கள் கேட்க வேண்டியது

குன்னத்தூர் சத்திரத்துக்கு அவசியம் போங்கள். புதுமண்டபத்துத் தூண்களைப் பாருங்கள். பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். இணையத்தில் கிடைக்காத பொருளும் பேச்சும் அங்கே கிடைக்கும். வாங்கும்போது பேரம் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் செய்தவர் யார்? அவர் பெயர் என்ன? அவர் கைக்கு எவ்வளவு போகிறது? கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. அவரும் மெஷின் மிதித்துப் பிழைப்பவர்தான். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். அதற்காகத்தான்.

பத்தில் இரண்டு

எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு யோசனை சொன்னார்கள். தோப்பறையில் ஒரு சின்ன அட்டை கட்டலாம். ‘செய்தவர்: இன்னார், இன்ன ஊர்.’ பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் அழகாக எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். போன ஞாயிறு அவற்றோடு பெரியவர் வீட்டுக்குப் போனோம்.

அவர் அட்டையைக் கையில் வாங்கி, பேரனைப் படிக்கச் சொன்னார். தன் பெயர் எழுத்தில் இருப்பதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “பேரப் போட்டா ஊரு தெரியும். ஊரு தெரிஞ்சா தெரு தெரியும். தெரு தெரிஞ்ச பெறகு சாமி மேல பீச்ச வாங்குவானா தாயி?”

பிள்ளைகளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான். செய்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்று ஊருக்கு எழுதுகிற நான், செய்தவர் பெயரைச் சொல்ல முடியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெகுநேரம் பேசிய பிறகு, செய்து வைத்திருந்த பத்தில் இரண்டுக்கு மட்டும் அட்டை கட்டச் சம்மதித்தார். “இது வித்தாப் பாப்போம்” என்றார். பாயும் தொங்கவிட்டார். “விக்கலைன்னா என்னையக் கேக்கக் கூடாதும்மா” என்று சிரித்தார். அட்டையைப் படித்துவிட்டு, “இவ்வளவு நாளா இதானா அவரு பேரு” என்றார்.

நேற்று கடைப்பக்கம் போனேன். இரண்டில் ஒன்று விற்றிருக்கிறது. வாங்கியவர் அட்டையைப் படித்தாராம். “இந்த ஊரு எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டாராம். ஆவலில் கேட்டாரா, வேறு எதையோ தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று பாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. அட்டையோடுதான் எடுத்துப் போயிருக்கிறார்.

பெரியவர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பேரன்தான் எடுத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “மிச்ச எட்டுக்கும் அட்டை வேணும்க்கா. ஆனா ஊரு பேரு இல்லாம, தாத்தா பேரு மட்டும் போட்டா போதுமா?” என்று கேட்டான்.

ஊர்ப் பெயரை விடலாமா, கூடாதா? பிள்ளைகளிடம் கேள்வியைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாடசாலையில் உட்கார்ந்து பேசப் போகிறோம். பேரனும் வருகிறேன் என்றிருக்கிறான்.